திரையில் 99, மூச்சு ஆறு

புதிய ஆபரேஷன் தியேட்டர் எங்கே திறந்தாலும் மேடையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது: “இனி நோயாளியை மானிட்டரே பார்த்துக்கொள்ளும்.” ஆண்டுக்கணக்கில் கேட்டுக் காது புளித்த பேச்சு. மயக்கம் தெளியும் அந்த ஒரு மணி நேரம் ரெக்கவரி அறையில் நின்று பார்த்தவர் யாரும் இப்படிப் பேசமாட்டார்.

மெஷின் களைக்காது என்கிறார்கள். களைக்காதுதான். ஆனால் நோயாளிக்கு மூச்சு நின்றாலும், விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அது கத்தும். எது ஆபத்து என்று பிரித்தறிய ஆள் வேண்டும்.

ஆக்சிஜன் அளவுதான் திரையில் தெரிகிறதே, அப்புறமென்ன என்பது அவர்களுடைய பெரிய வாதம். கோளாறே இங்கேதான். ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி 1974இல் அறிமுகப்படுத்திய பல்ஸ் ஆக்சிமீட்டர் அருமையான கருவி. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, நோயாளி சரியாக மூச்சு விடுகிறாரா என்று சொல்லாது.

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஓர் அம்மா படுத்திருக்கிறார். வலிக்கு மார்ஃபின் போட்டாயிற்று. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். திரையில் 99, மூச்சோ நிமிடத்துக்கு ஆறு. மாஸ்க்கில் வரும் கூடுதல் ஆக்சிஜன் அந்த 99ஐத் தாங்கிப் பிடிக்கிறது. வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. எண் சரியத் தொடங்கும்போது நிலைமை கைமீறியிருக்கலாம். மூச்சையும் மானிட்டர் எண்ணுமே என்பார்கள். மார்பில் ஒட்டிய ஈ.சி.ஜி. லீடுகள் மார்பின் அசைவைத்தான் எண்ணுகின்றன. நாக்கு பின்னுக்கு விழுந்து தொண்டை அடைத்தாலும் மார்பு ஏறி இறங்கும். அதையும் மூச்சென்றே கணக்கில் சேர்க்கும்.

நர்ஸ் மாஸ்க்கை விலக்கி, மூக்கின் முன்னால் புறங்கையை நீட்டிப் பார்ப்பார். காற்று படவில்லையென்றால் அந்தக் கணமே தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடிப்பார். “அம்மா, கண்ணைத் திறங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்று தோளைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஆக்சிமீட்டரின் குறைகளோடு தோல் நிறமும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிமீட்டர் காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊர் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

நோயாளிக்கு மயக்கம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று அளக்க, ஆல்ட்ரெட்டும் க்ரூலிக்கும் 1970இல் வெளியிட்ட மதிப்பெண் முறைதான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, நிறம். ஒவ்வொன்றுக்கும் 2, மொத்தம் 10. குறைந்தது ஒன்பது வந்தால் வார்டுக்கு அனுப்பலாம். 1995இல் நிறத்தின் இடத்துக்கு ஆக்சிமீட்டர் வந்தது. காலை அசைக்கச் சொல்வது, இருமச் சொல்வது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் இன்னும் நர்ஸ் வேலைதான்.

ரத்தக்கசிவும் அப்படியே. மேலே கட்டு சுத்தமாக இருக்கும். இடுப்புக்கு அடியில் கைவிட்டால்தான் விரிப்பின் ஈரம் தெரியும். வயது குறைந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், திரை அதுவரை அமைதியாக இருக்கும்.

மானிட்டரை நம்பி ஆளைக் குறைத்த அறையில் ஆறு கட்டில், ஆறு மானிட்டர், ஒரே நர்ஸ். அவர் ஓர் அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மற்ற ஐந்து பேரின் மூக்குக்கு முன்னால் புறங்கை நீட்ட அங்கே யாரும் இல்லை.