பூடில் நாய்க்கு எந்த கட்டிங்?

பூடில் வளர்க்கிறவர்களின் செல்போனில் ஒரு ஃபோட்டோ கட்டாயம் இருக்கும். அது அவர்கள் நாயின் ஃபோட்டோ அல்ல, வேறு யாரோ ஒருவருடைய நாய். உருண்டை முகம், பஞ்சு போன்ற காது, கரடி பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். நாய் சலூனுக்குப் போய் அதைக் காட்டி, "இதே மாதிரி வேணும், ஆனா கொஞ்சம் ஷார்ட்டா" என்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அங்கே நிற்பது கரடி பொம்மை அல்ல, உரித்த கோழி! அப்புறம் என்ன... சண்டைதான்.

இந்தச் சண்டையில் பெரும்பாலும் மெஷின் பிடித்தவர் மேல் தப்பு இருக்காது. நாய்க்கு கட்டிங் என்பது ஃபோட்டோ பார்த்துத் தேர்ந்தெடுக்கிற விஷயமே அல்ல. வீட்டில் தினமும் எத்தனை நிமிஷம் சீப்பு ஓடும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அந்த நேரம் இல்லை என்றால் முடியை ஒட்ட வெட்டிவிடுவதுதான் அந்த நாய்க்குச் செய்கிற நியாயம். "ஐயோ பாவம், மொட்டை அடிச்சிட்டாங்களே" என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும்!

முதலில் இந்த முடியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண நாய்க்கு முடி ஓரளவு வளரும், பிறகு உதிரும், சோபாவில் ஒட்டும், வீட்டில் திட்டு விழும். பூடிலுக்கு அப்படி இல்லை. மனிதர் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். "இந்த நாய்க்கு முடியே கொட்டாது சார்" என்று குட்டி விற்கிறவர்கள் சொல்வது பாதி உண்மைதான். முடி கொட்டத்தான் செய்கிறது. ஆனால் தரையில் விழாமல் பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்கிறது. செத்த முடியும் வளர்கிற முடியும் பின்னிக்கொண்டு சிக்கு விழுகிறது. சிக்கை எடுக்காமல் விட்டால் சடை, சடையையும் விட்டால் உடம்பு முழுக்கக் கம்பளி போர்த்திய மாதிரி ஒரே தகடு. வீட்டுத் தரை சுத்தமாக இருக்கிறது என்றால், பெருக்க வேண்டிய முடியெல்லாம் நாயின் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

2009-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆராய்ச்சி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்துப் பார்த்ததில், இத்தனை விதமான நாய் ரோமங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே மூன்று ஜீன்கள்தான் காரணம் என்று தெரிந்தது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருட்டைக்கு, ஒன்று மீசை தாடிக்கு. பூடில், பிஷோன் போன்ற நாய்களுக்கு இந்த மூன்று வரமும் ஒன்றாகக் கிடைத்திருக்கிறது. வரமா சாபமா என்பது சீப்பு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

"முடி கொட்டாத நாய்" என்ற ஆசைதான் லாப்ரடூடிலையும் கொண்டுவந்தது. 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், நாய் முடி ஒத்துக்கொள்ளாத ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டி நாய் தயார் செய்வதற்காக லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். அதன்பிறகு கிளம்பிய மோகத்தைப் பார்த்து அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். அந்தக் கலப்பு நாய்களுக்கும் இதே சிக்கு, இதே சடை. இங்கே பூடிலுக்குச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

பூடில் என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்த சர்க்கஸ் கோலம்தான். நெஞ்சில் சிங்கப் பிடரி, இடுப்பில் இரண்டு பந்து, காலில் வளையல். பணக்கார வீட்டுச் சீமாட்டிகள் பொழுதுபோகாமல் கண்டுபிடித்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். கதை வேறு! பூடில் தண்ணீரில் வேலை செய்த நாய். ஜெர்மன் மொழியில் 'பூடெல்ன்' என்றால் தண்ணீரில் அளைவது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'கனிஷ்' என்பார்கள், வாத்து என்ற சொல்லிலிருந்து வந்தது. சுடப்பட்ட வாத்து குளத்தில் விழுந்தால் நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். முடி முழுக்க நனைந்தால் நாயால் நீந்த முடியாது. அதனால் பின்பக்கம் மழித்து, குளிர் தாக்கக்கூடாத நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, அன்றைக்கு இந்த நாயின் முடியில் கத்தரி வைத்ததே நாயின் வசதிக்காகத்தான். அழகு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்ட அழகு பிறகு சட்டமாகவே ஆகிவிட்டது. அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டிகளில் 12 மாதத்துக்கு உட்பட்ட பூடிலுக்கு மட்டும்தான் 'பப்பி கிளிப்' அனுமதி. அதைத் தாண்டிவிட்டால் வழக்கமான பிரிவுகளில் 'இங்கிலீஷ் சாடில்' அல்லது 'கான்டினென்டல்', இரண்டில் ஒன்றில்தான் மேடை ஏற வேண்டும். 2024-ல் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் பட்டம் வாங்கிய 'சேஜ்' என்ற கறுப்பு மினியேச்சர் பூடிலும் அந்தக் கோலத்தில்தான் நின்றது. பார்க்க அற்புதம், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாய்க்குப் பின்னால் சீப்பும் கையுமாக அதையே தொழிலாகச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வருகிறவர் அதோடு போட்டி போடலாமா?

அமெரிக்காவில் 1960 முதல் 1982 வரை பதிவு எண்ணிக்கையில் பூடில்தான் முதலிடம். வாங்கிய எல்லோரும் போட்டிக்கா போனார்கள்? வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு வேறு கட்டிங் தேவைப்பட்டது. உடம்பு முழுக்க ஒரே அளவாக ஒட்ட வெட்டுகிற கென்னல் கட், உடம்பு குட்டையாகவும் கால் கொஞ்சம் புசுபுசுவென்றும் இருக்கிற ஆட்டுக்குட்டி கட், கோடைக்கு ஒன்று என்று பல இருக்கின்றன. 2000-களில் ஜப்பானில் டாய் பூடிலுக்கு 'டெடி பேர் கட்' பிரபலமானது. முகத்தை மழிக்காமல் உருண்டையாகச் சீவிவிடுவது. இன்று செல்போன்களில் சுற்றுகிற ஃபோட்டோக்களில் பாதி அந்த வம்சம்தான்.

இந்த டெடி பேரில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பார்க்க ஷார்ட் மாதிரி தெரியும். உண்மையில் ஷார்ட் இல்லை. முகத்திலும் காலிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத முடியை நன்றாகச் சீவி நிமிர்த்தி, அதன்பிறகு கத்தரியால் உருட்டியிருப்பார்கள். தினமும் வேர்வரை சீப்பு போகவில்லை என்றால் சில வாரங்களில் அது கலைந்துவிடும். தினம் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு சுமார் 60 மணி நேரம். இந்தச் செலவு நாய் வாங்கும்போது எந்த பில்லிலும் வராது. தினமும் கட்டாமல் தள்ளிப் போட்டால் வட்டியோடு சேர்ந்து வரும். வட்டியைக் கட்டுவது நாய்!

எப்படி என்று கேட்டால்... சடை விழுந்த இடத்தில் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அக்குளில் சடை இருந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் வலி. தலைமுடியை ஒரு கொத்தாகப் பிடித்து முறுக்கி, அப்படியே கட்டிவிட்டு நாள் முழுக்க நடந்து பார்த்தால் கொஞ்சம் புரியும். சடைக்கு அடியில் ஈரம் தங்கும், புண் வரும், உண்ணி குடியிருக்கும். சென்னை மாதிரி ஊர்களில் உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்குச் சாதாரணமாக வருகிற, சில சமயம் உயிரையே எடுக்கிற நோய். முடியை ஒட்ட வெட்டிய நாயின் உடம்பில் உண்ணி கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படும். குட்டை முடிக்கு வேறு எந்தக் காரணமும் வேண்டாம், இது ஒன்றே போதும்.

பலர் செய்கிற இன்னொரு காரியம், சலூனுக்குக் கொண்டுபோகும் முன்பு சிக்கோடு குளிப்பாட்டுவது. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சிக்கு இன்னும் இறுகும். முதலில் சீப்பு, பிறகுதான் ஷாம்பு. அதோடு, மேலாக பிரஷ் போட்டுவிட்டு "நான் தினமும் சீவுறேனே" என்று சொல்வதில் பயனில்லை. முடியை வகிடு எடுத்து, தோல் தெரிகிற வரை பிரித்து, கடைசியில் இரும்புச் சீப்பு தடையில்லாமல் ஓடினால்தான் சீவியதாகக் கணக்கு.

இப்போது அந்த 'உரித்த கோழி' விஷயம். மெஷினில் நீளம் விட்டு வெட்ட பிளேடின் மேல் ஒரு சீப்பை மாட்டுவார்கள். அந்தச் சீப்பு முடிக்குள் ஓட வேண்டுமானால் உள்ளே சிக்கே இருக்கக்கூடாது. சடை இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். அப்போது இருக்கிற ஒரே வழி, சடைக்கும் தோலுக்கும் நடுவில் குட்டை பிளேடை நுழைத்து எடுப்பது. அதாவது மொட்டை. இரண்டு மணி நேரம் பிடித்து இழுத்துச் சடையைப் பிரிக்கலாமே என்றால், பிரிக்கலாம். வலி தாங்குவது யார்? நாயை வதைக்காமல் மொட்டை அடித்து அனுப்புகிறவர் நல்ல கிரூமர். அவரைப் போய் திட்டுகிறார்கள்.

நம்பர் குழப்பம் வேறு! மனிதர்கள் முடி வெட்டும் கடையில் நம்பர் கூடினால் முடி நீளம். ஒன்றாம் நம்பர் என்றால் 3 மி.மீ., நாலாம் நம்பர் என்றால் 13 மி.மீ. நாய் பிளேடில் அப்படியே தலைகீழ். 3 என்றால் சுமார் 13 மி.மீ., 4 என்றால் 9 மி.மீ., 7 என்றால் 3 மி.மீ., 10 என்றால் ஒன்றரை மி.மீ.தான். "பெரிய நம்பரா போடுங்க" என்று நல்ல எண்ணத்தில் சொன்னாலும் முடிந்தது கதை. மில்லிமீட்டரிலோ, விரலைக் காட்டியோ சொல்வது நல்லது.

அதற்காக மே மாதம் வந்தால் எல்லா நாய்க்கும் மெஷின் போட்டுவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம்ம ஊரில் பொமரேனியனுக்கும் ஹஸ்கிக்கும் வெயில் என்று சொல்லி மழிக்கிறார்கள். அது தப்பு. அவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளராமலே போய்விடும். பூடிலுக்கு அந்தப் பயம் இல்லை, எத்தனை முறை வெட்டினாலும் வளரும். ஆனாலும் தோல் தெரிய மழித்தால் வெயில் சுடும். நாய் உடம்பு முழுக்க வியர்க்கிற பிராணி அல்ல, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மொட்டை அடித்தால் ஏசி போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 9 முதல் 13 மி.மீ. வரை விட்டால் தோலுக்கும் பாதுகாப்பு, சீப்புக்கும் சுலபம்.

உடம்புக்கு அந்த அளவு. வயிறு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டை உரசும் இடம் எல்லாம் இன்னும் குட்டையாக. சடை ஆரம்பிப்பதே அங்கேதான். பாதத்தைப் பொம்மைக் கால் மாதிரி உருண்டையாக விடுவதா, பூடிலுக்கே உரிய முறையில் சுத்தமாக மழிப்பதா என்று ஒரு வாதம் உண்டு. நவம்பர் மழையில் நாயை வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து நாலு காலையும் கழுவித் துடைத்துக் காய வைத்தவர்களுக்கு அதில் வாதமே இருக்காது. முகத்தைப் பொறுத்தவரை, தாடி வைத்தால் சாப்பிட்டதும் தண்ணீர் குடித்ததும் துடைத்துவிட ஆள் வேண்டும். காது முடி சாப்பாட்டுத் தட்டில் விழுகிற நீளத்துக்கு எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

குட்டி வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எட்டொன்பது மாதம் வரை முடி பட்டு மாதிரி இருக்கும், சிக்கே விழாது. "நம்ம நாய் பரவாயில்லையே" என்று இருந்துவிடுவார்கள். அதன்பிறகுதான் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். அந்தச் சில மாதங்களில் ஒரே வாரத்தில்கூடச் சடை விழும். முதல் மொட்டைகளும் முதல் சண்டைகளும் பெரும்பாலும் அப்போது நடப்பவை. அந்தக் காலம் தாண்டுகிற வரைக்குமாவது ஒட்ட வெட்டி வைக்கலாம். மெஷின் சத்தத்துக்கு மட்டும் குட்டியிலேயே பழக்கிவிட வேண்டும்.

நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கட்டிங் என்று தேதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். இவ்வளவும் கேட்ட பிறகும் 'பூடில் என்றால் ஏதாவது ஒரு பந்து இருக்க வேண்டாமா' என்று மனசு கேட்காதவர்கள், வால் நுனியில் ஒன்று விடச் சொல்லலாம். சீவ அரை நிமிஷம்கூட ஆகாது, நாய் ஆட்டும்போது பார்க்கவும் நன்றாக இருக்கும்.