மறுப்பு எங்கே விழுகிறது?

"நம் பள்ளி நூலகத்தில் மாணவர்கள் இரவல் பெறும் நூல்களின் எண்ணிக்கை மூன்று ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே, நம் பள்ளி மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்கிறான் அண்ணன்.

"எண்ணிக்கை குறைந்தது உண்மைதான், அண்ணா. ஆனால், இந்த மூன்று ஆண்டுகளில்தான் என் வகுப்பில் பலரும் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் மின்னூல்களை இரவல் பெறத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு நம் பள்ளி நூலகத்தின் பதிவேட்டில் வராதே" என்கிறாள் தங்கை.

அண்ணனின் வாதத்தைத் தங்கை எவ்வாறு மறுக்கிறாள்?

தருக்கச் சிந்தனைத் தேர்வுகளில் இத்தகைய வினாக்கள் இடம்பெறுவதுண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்விலும் இருவர் உரையாடலைக் கொடுத்து, ஐந்து தெரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 2024 ஆகஸ்ட் மாதம் முதல் அத்தேர்வில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண் கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கச் சிந்தனைக்கே உரியவை.

உரையாடலில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும், நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இவ்வினாவில் தடுமாறுவர். இருவரில் யார் சொல்வது சரி என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவதே இதற்குக் காரணம். வினா அதைக் கேட்கவில்லை. தங்கையின் பதில் அண்ணனின் வாதத்தில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்றுதான் கேட்கிறது.

அண்ணனின் வாதத்தில் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள் இரண்டு. இரவல் எண்ணிக்கை பாதியானது சான்று. வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்பது முடிவு. இவ்விரண்டுக்கும் இடையே அவன் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பள்ளி நூலகத்தில் இரவல் பெறுவது குறைந்தால் வாசிப்பும் குறைந்திருக்க வேண்டும் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். சான்றிலிருந்து முடிவுக்குச் செல்ல அவன் போட்டிருக்கும் பாலம் அதுதான். தங்கையின் மறுப்பு அந்தப் பாலத்தின்மேல்தான் விழுகிறது. சான்றை அவள் தொடவே இல்லை. "உண்மைதான்" என்று ஒப்புக்கொள்கிறாள்.

இனித் தெரிவுகளுக்கு வருவோர் பலரை ஈர்ப்பது, 'வாசிப்புப் பழக்கம் குறையவில்லை என்று தங்கை நிறுவுகிறாள்' என்னும் தெரிவு. இது தவறு. அவள் அப்படி எதையும் நிறுவவில்லை. செயலியில் இரவல் பெற்ற மின்னூல்களைத் தோழிகள் படித்து முடித்தார்களா என்றும் அவள் சொல்லவில்லை. உண்மையிலேயே வாசிப்பு குறைந்தும் இருக்கலாம். அவள் காட்டியது ஒன்றுதான்: அண்ணன் கொடுத்த சான்றுக்கு வேறு விளக்கமும் இருக்கலாம், ஆகவே, அந்தச் சான்றை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. ஒரு வாதத்தைத் தளரச் செய்வது வேறு, அதன் முடிவைப் பொய்யென்று காட்டுவது வேறு. மாணவர்கள் இழக்கும் மதிப்பெண் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுந்துவிடுகிறது.

தமிழ் இலக்கணத்துக்கு இந்த நுட்பம் புதிதன்று. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளை எழுவகை மதங்களாகப் பிரிக்கிறது. உடன்படுவது ஒரு வகை, மறுப்பது ஒரு வகை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதை அந்நூல் தனி வகையாகவே வைக்கிறது. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும் தனி. 'எதிர்க்கிறார்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எப்படி எதிர்க்கிறார் என்று பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

அதே அண்ணனுக்குத் தங்கை வேறு விதமாகவும் பதில் சொல்லலாம். "பேருந்தில் காசு போடுவோர் குறைந்துவிட்டார்கள். அதனால் பேருந்தில் போவோரே குறைந்துவிட்டார்கள் என்பீர்களா? எல்லாரும் அட்டையைத்தானே தட்டுகிறார்கள்!" இங்கே நூலகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் மறுப்பு கூர்மையானது. அதே வடிவிலுள்ள இன்னொரு வாதத்தைக் காட்டி, அந்த வடிவமே நம்பத்தக்கதன்று என்கிறாள்.

"நீங்கள் மட்டும் என்ன படித்துக் கிழித்தீர்கள்?" என்று அவள் கேட்டால் அது மறுப்பாகாது. அண்ணன் படிக்காதவனாக இருந்தாலும் பதிவேட்டிலுள்ள எண்ணிக்கை மாறிவிடாது. (சொற்போர் மேடையில் பலத்த கைத்தட்டல் கிடைப்பது இதுபோன்ற வரிகளுக்குத்தான் என்பது வேறு கதை.) ஆனால், ஆளைப் பற்றிப் பேசினாலே பிழை என்று மனப்பாடம் செய்து வைப்பதும் ஆபத்து. "நான் தினமும் நூலகத்துக்குப் போகிறேன், அங்கே யாருமே இருப்பதில்லை" என்று அண்ணன் சொல்லியிருந்தால், அவன் கண்ணால் கண்டதே அங்குச் சான்று. அப்போது, "நீங்கள் மூன்று மாதமாக நூலகப் பக்கமே வரவில்லையே!" என்பது சான்றின்மேல் நேராக விழும் மறுப்பு.

தெரிவுகளின் நடையும் மாணவரைக் குழப்பும். 'மாறான எடுத்துக்காட்டைக் கொடுத்துப் பொதுக்கூற்றைத் தகர்க்கிறார்' என்பது போன்ற வரியில் நூலகமும் இராது, செயலியும் இராது. இதைப் படித்தவுடன் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். மாறான எடுத்துக்காட்டைக் கொடுத்தாரா? முதலாமவர் பொதுக்கூற்று எதையாவது சொன்னாரா? ஒன்றுக்கு 'ஆம்' என்றும் மற்றொன்றுக்கு 'இல்லை' என்றும் விடை வந்தால், அந்தத் தெரிவைத் தள்ளிவிடலாம். பாதி சரியான தெரிவு முழுத் தவறுதான்.

இனி அண்ணனின் முறை. "உன் வகுப்பில் மின்னூல் படிப்பவர்கள் எத்தனை பேர்? மூன்றே பேர் என்றால், எண்ணிக்கை பாதியானதற்கு அது எப்படிக் காரணமாகும்?" என்று அவன் கேட்கலாம். அப்படிக் கேட்டால், தங்கை காட்டிய வேறு விளக்கம் போதுமானதுதானா என்று அவன் சோதிக்கிறான். அல்லது, தன் முடிவைச் சுருக்கிக்கொண்டு, "சரி, நம் பள்ளி நூலகத்தில் அச்சு நூல்களை இரவல் பெறும் பழக்கம் குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லலாம். அந்த முடிவைத் தங்கையின் மின்னூல் கணக்கு தொடாது.