மிளகாய் வற்றலும் நாலு தீயணைப்பு வீரர்களும்

வத்தக்குழம்பு தாளித்து ஒரு ஊரையே ஓட வைத்தவன் என்ற முறையில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் நியூ ஜெர்ஸியில் இருந்தேன். கம்பெனி ஓட்டல் ரூம் தரத் தயார்தான். 'தம்பி வீடு இருக்கும்போது ஓட்டலா?' என்று மனைவி சென்னையிலிருந்தே தடை உத்தரவு போட்டுவிட்டாள். மச்சினன் இருப்பது நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், மேப்பிள் மரமும் புல்தரையுமாக ஒரு சின்ன ஊர். காலை எட்டு மணிக்கு மேல் தெருவில் அணில்களைத் தவிர யாரும் நடமாடுவதில்லை.

வந்த இரண்டாம் நாள் மதியம். வீட்டில் நான் மட்டும். ஃப்ரிட்ஜில் நேற்றைய பீட்ஸா. நாக்கு கலகம் செய்தது. நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், ஆறு மிளகாய் வற்றல். சரியாக அந்த நேரம் பார்த்து செல்போனில் மனைவி. 'குளிருதா? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டீங்களா?' என்று அவள் விசாரித்து முடிப்பதற்குள் மிளகாய் கரியாகிவிட்டது.

கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் ஒன்று காது கிழியக் கத்த ஆரம்பித்தது. ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிறினேன். இன்னும் கத்தியது. வீட்டு டெலிபோன் வேறு மணியடித்தது. அமெரிக்க இங்கிலீஷுக்குப் பயந்து எடுக்கவில்லை. அங்கேதான் சார் தப்பு பண்ணினேன். அது அலாரம் கம்பெனியின் போன். எடுத்து 'ஒன்றுமில்லை, தாளிப்பு' என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் எங்கோ பெரிய சங்கு ஊதியது. நீல விளக்கு சுழல ஒரு பழைய பிக்கப் வண்டி வாசலில் நின்றது. பின்னாலேயே சிவப்பு ராட்சஸனாக ஃபயர் என்ஜின். மொத்தம் நாலு பேர். ஒருவர் பிளம்பர் என்று சட்டைப் பையிலேயே எழுதியிருந்தது. ஒரு அம்மாள், ஸ்கூல் பஸ் டிரைவராம். தலை நரைத்த ஒருவர், காலேஜ் படிக்கும் வயதில் ஒரு பையன். அத்தனை பேரும் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் கவசமும் காற்று சிலிண்டருமாக உள்ளே வந்து, வரிசையாகத் தும்மினார்கள். மிளகாய் நெடி மாஸ்க் போடாதவனைச் சும்மா விடுமா?

ஜன்னல்களைத் திறந்து, வாணலியை வாசலில் வைத்து, ஏதோ கருவியைச் சுவரோரமாகக் காட்டிப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. நான் பர்ஸை எடுத்து, 'எவ்வளவு சார் ஆச்சு?' என்றேன்.

பிளம்பர் சிரித்தார். 'ஒன்றுமில்லை. எங்களுக்கு இதற்குச் சம்பளமே கிடையாது. ஒரு வீட்டில் பாதிக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தம்மா காத்திருப்பார்.'

அந்த நிமிஷம் நாலு பேர் இடுப்பிலும் பேஜர் அலறியது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் புகை. தாளிப்புப் புகை இல்லை, நிஜப் புகை. சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஓடினார்கள்.

நான் வாசலில் வாணலியோடு நின்றேன். என் மிளகாயால் அவர்கள் இங்கே நின்ற அந்தப் பத்து நிமிஷம் அந்த வீட்டுக்கு என்ன ஆகியிருக்கும்?

* * *

சாயந்திரம் மச்சினனிடம் சொன்னேன். எட்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவன். 'சம்பளம் இல்லையா? நம்ம டாக்ஸ்லதான் ஓடுதுன்னு நெனச்சேனே அத்தான்!' என்றான்.

வண்டி, பெட்ரோலுக்கு வரிப்பணம் உண்டு. ஓடுகிற ஆளுக்குத்தான் சம்பளம் இல்லை.

சனிக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அங்கே நிதி திரட்டப் பான்கேக் விருந்து. நம் பிளம்பர்தான் தோசைத் திருப்பியோடு நின்றிருந்தார். அந்த வீட்டில் யாருக்கும் அடியில்லை, சமையலறைதான் போயிற்று, பக்கத்து ஊர் வண்டியையும் கூப்பிட்டோம் என்றார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

தட்டோடு உட்கார்ந்து கேட்ட பாடம் இது. 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நண்பர்களைச் சேர்த்து ஆளுக்கு சில தோல் வாளிகளோடு ஆரம்பித்த வழக்கம். 2020 கணக்குப்படி அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் சுமார் 65 சதவீதம், அதாவது 6,76,900 பேர், தொண்டர்கள். 1980-களில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் இருந்தார்கள். ஆள் குறைந்துகொண்டே வருகிறது. காரணம் புரிகிறது. பகலில் ஊரே நியூயார்க் ரயிலில் போய்விடுகிறது. பயிற்சியோ மாதக்கணக்கில் சாயந்திர வகுப்பு. இதில் ஒரு சட்டம் வேறு: எரியும் வீட்டுக்குள் இரண்டு பேர் போனால் வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். உள்ளே ஆள் சிக்கியிருந்தால்தான் விதிவிலக்கு. நாலாவது ஆள் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

நெருப்பு காத்திருக்குமா? பழைய மரச்சாமான் அறை முழுக்கப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம் பிடிக்குமாம். இன்றைய ஃபோம் சோபா, செயற்கை இழைத் திரை போட்ட அறை ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது என்று சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். அந்த நீல விளக்கைக் கண்டால் மற்ற வண்டிகள் வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்தான். ஆனாலும் எல்லாரையும் போலச் சிக்னலில் நிற்க வேண்டும்.

'எனக்கு நேரம் இல்லையே' என்று மச்சினன் முனகினான். நரைத்த தலைக்காரர் விடவில்லை. 'நெருப்புக்குள் போக வேண்டாம். கணக்கு எழுதத் தெரியுமா?' எம்.பி.ஏ. படித்தவன் என்ன சொல்லித் தப்பிப்பான்? இப்போது மாதம் இரண்டு ராத்திரி அவன் அந்தக் கம்பெனிக்குக் கணக்குப்பிள்ளை.

* * *

சென்னை திரும்பியதும் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படி ஓரம் தொங்கும் சிவப்பு சிலிண்டரை முதல்முறையாகப் படித்துப் பார்த்தேன். காலாவதியாகி நாலு வருஷம். செக்ரெட்டரியிடம் சொன்னேன். 'அதான் ஃபயர் சர்வீஸ் இருக்கே சார்!' என்றார்.

நானும் அப்படி நினைத்தவன்தான். சொந்தச் செலவில் சிலிண்டரை நிரப்பி வாங்கி மாட்டினேன். அடுத்த மீட்டிங்கில் கைதட்டி, என்னையே செக்ரெட்டரி ஆக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது.