ஒரே மாணவருக்கு எத்தனை முதல் மொழி?

மேல்நிலை வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிட்டால் கணினி ஆசிரியர்களிடம் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், பையன் முதல்ல எந்த லாங்குவேஜ் கத்துக்கணும்?" பயிற்சி மையங்களின் தட்டிகள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. நம் ஆசிரியர் அறைகளிலும் ஒருமித்த கருத்து இல்லை. சி தெரியாதவனுக்கு அடித்தளமே கிடையாது என்பார் ஒருவர். இந்தக் காலத்தில் பைத்தானை விட்டுவிட்டு வேறெதைச் சொல்லித் தருவது என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள்.

இவ்விதழின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த மொழியில் தொடங்குவது என்பது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருக்கிறது. நம் மாணவர் ஒரு முறை மட்டும் தொடங்குவதில்லை. மூன்றரை ஆண்டுக்குள் நான்கு மொழிகளில் அவரைத் திரும்பத் திரும்பத் தொடங்கவைக்கிறோம்.

அவர் போகும் வழியைப் பாருங்கள். 2018–19-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி மாநிலப் பாடத்திட்ட மாணவர் 11-ஆம் வகுப்பில் சி++ படிக்கிறார். 12-ஆம் வகுப்பில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளில் பொறியியல் முதல் பருவத்தில் எல்லாத் துறையினருக்கும் மீண்டும் பைத்தான், அதுவும் அரிச்சுவடியிலிருந்து. கணினித் துறை மாணவர் என்றால் இரண்டாம் பருவத்தில் சி, மூன்றாம் பருவத்தில் ஜாவா. அதே பருவத்தில் டேட்டா ஸ்டிரக்சர்ஸ் பாடம் சி-யில் நடக்கும். ஒவ்வொரு மொழியும் மாறி, இஃப், லூப், ஃபங்ஷன் என்று அதே படிக்கட்டில் ஏறி, மாணவர் சொந்தமாக ஒன்றைச் செய்துபார்க்கும் நேரம் வரும்போது முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் மாறி, இஃப், லூப்.

"அடிப்படை எல்லா மொழியிலும் ஒன்றுதானே, எழுதும் முறைதானே மாறுகிறது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. பத்து ஆண்டு புரோகிராம் எழுதியவருக்கு அது சரி. பத்து மாதம் படித்தவருக்குச் சரியில்லை. மொழி மாறும்போது அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் மட்டும் மாறுவதில்லை. கணினிக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர் மனத்தில் வரைந்துவைத்திருக்கும் படமே மாறுகிறது.

11-ஆம் வகுப்பில் மாறி என்றால் ஒரு பெட்டி என்று சொல்லித் தருகிறோம். சி++-க்கு அந்தப் படம் பொருந்தும். 'அ' என்ற பெட்டியில் 5 இருக்கிறது. 'ஆ'வில் 'அ'வை வைத்தால் அங்கே ஒரு நகல் போய் உட்காரும். பிறகு 'அ'வை 7 ஆக்கினாலும் 'ஆ' 5-ஆகவே இருக்கும். அடுத்த ஆண்டு பைத்தானில் இதே வரிகளை எழுதினாலும் அதே விடை வருகிறது. மாணவர் பெட்டியை நம்பிக்கொண்டே போகிறார். லிஸ்ட் பாடம் வருகிறது. 'ப' என்ற பெயரில் 1, 2, 3 கொண்ட லிஸ்ட்; 'க'வுக்கு 'ப'வைக் கொடுக்கிறார்; 'க'வின் கடைசியில் 4-ஐச் சேர்க்கிறார்; 'ப'வை அச்சிட்டுப் பார்த்தால் அதிலும் 4 வந்து நிற்கிறது. பைத்தானில் 'ப', 'க' இரண்டும் ஒரே லிஸ்டுக்கு ஒட்டிய இரண்டு பெயர்கள். பெட்டியே கிடையாது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "மிஸ், சிஸ்டம்ல ஏதோ பிராப்ளம்" என்கிறார். புத்தகத்தில் உள்ள புரோகிராமை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதால் அந்தக் குழப்பம் கல்லூரிக்கும் கூடவே போகிறது.

இன்னும் இரண்டு இடம். சி++-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3-இல் 3.5. இதையாவது எல்லா ஆசிரியர்களும் சொல்லிவிடுகிறார்கள். லூப்பில் உள்ளதைப் பலர் சொல்வதில்லை. 1 முதல் 10 வரை ஓடும் ஃபார் லூப்பின் உள்ளே எண்ணி 5 ஆனதும் அதை 8 ஆக்கினால், சி++-இல் அடுத்த சுற்று 9. பைத்தானில் ரேஞ்ச் தரும் அடுத்த எண்ணான 6-தான். ஒன்றில் எண்ணி லூப்பை நடத்துகிறது; மற்றொன்றில் லூப் எண்ணிக்கு மதிப்பைத் தருகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு மொழியிலும் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் நம்மிடம் ஏராளம்.

மொழித் தேர்வு பற்றி ஆய்வுகள் சொல்வதையும் பார்த்துவிடுவோம். 2014-இல் வாட்சன், லீ என்ற இருவர் 15 நாடுகளில் 51 நிறுவனங்களில் நடந்த 161 தொடக்க நிரலாக்கப் பாடங்களின் தேர்ச்சி விவரங்களைத் தொகுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் தேறவில்லை. எந்த மொழியில் கற்பித்தார்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ச்சி விகிதம் குறிப்பிடும்படி மாறவில்லை. அதற்கு முன்பே, 2001-இல், மெக்கிராக்கன் தலைமையிலான குழு நான்கு பல்கலைக்கழகங்களில் தொடக்கப் பாடம் முடித்தவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 23-ஐக்கூட எட்டவில்லை. பலரும் தடுமாறியது கொடுத்த சிக்கலைப் படித்து, அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு வழி கண்டுபிடிக்கும் இடத்தில்தான்.

அதற்காக மொழியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஸ்டெஃபிக், சீபர்ட் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் குறியீடுகளைக் குலுக்கல் முறையில் பொறுக்கிச் சேர்த்து ஒரு மொழி செய்து, அதை உண்மையான மொழிகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்றும் அறியாத தொடக்கநிலையாளர்கள் ஜாவாவிலும் பெர்லிலும் எழுதியது அந்தக் குலுக்கல் மொழியில் எழுதியதைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்குத் துல்லியமாக இல்லை. பைத்தான், ரூபி, குவோரம் ஆகிய மொழிகளில் துல்லியம் கூடியது. முதல் வாரங்களின் தடுமாற்றத்தை எளிய எழுத்துமுறை குறைக்கிறது. ஆனால் ஆண்டு முடிவில் மாணவர் எங்கே நிற்கிறார் என்பதை அது மட்டும் முடிவுசெய்வதில்லை. மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைப்பது இதுதான்.

ஆகவே நம்மைக் கேட்டால் பைத்தானைத்தான் சொல்வோம். கற்பிப்பதற்கென்றே பிறந்த மொழிகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் குர்ட்ஸும் செய்த பேசிக், 1967-இல் பேப்பர்ட், ஃபியூர்ஸைக், சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ, 1970-இல் நிக்லாஸ் விர்த் தந்த பாஸ்கல். பைத்தானும் இந்தக் குடும்பத்துக்கு ஒருவகையில் உறவுதான்: ஆம்ஸ்டர்டாமில் தொடக்கநிலையாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏபிசி என்ற மொழியில் பணியாற்றிய கைடோ வான் ராசம், அதன் பாடங்களை எடுத்துக்கொண்டு 1991-இல் இதை வெளியிட்டார். சி-யோ 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை எழுதுவதற்காக டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய கருவி. அந்த வேலைக்கு அதற்கு இணையில்லை. ஸ்கேன்எஃப்-இல் ஆம்பர்சண்ட் குறி ஒன்றை விட்டதற்காகப் புரோகிராம் செத்துவிழுவதையும், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாததையும் 17 வயதுப் பிள்ளை தாங்கவேண்டும் என்ற எண்ணம் ரிச்சிக்கு இருந்திருக்காது.

சி-யை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நினைவகம் என்ன, டேட்டா டைப் என்ன, அணி ஏன் நீளாது என்பதையெல்லாம் பைத்தான் மறைத்துவிடுகிறது. இன்புட் வாங்கிய 12-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 1230 வரும்போதுதான் டைப் என்று ஒன்று இருப்பதே மாணவருக்குத் தெரிகிறது. அந்த அறிவு கட்டாயம் வேண்டும். கணினித் துறையில் போகிறவர் சி படித்தே ஆகவேண்டும். ஆனால் ஒரு மொழியில் நூறு வரிக்குச் சொந்தமாக ஒன்று எழுதி, ஓடவைத்து, உடைத்து, சரிசெய்த பிறகு படிக்கட்டும். அப்போது சி-யின் சுட்டு (பாயின்டர்) அவருக்கு ஏற்கெனவே மனத்தில் இருக்கும் ஒரு கேள்விக்கான பதிலாக வரும். 11, 12, கல்லூரி முதலாண்டு மூன்றுக்கும் ஒரே மொழி என்று பள்ளிக்கல்வித் துறையும் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசி முடிவெடுக்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அந்த ஒன்று சி++ ஆனாலும் இன்றைய நிலையைவிட மேல் என்றே கருதுகிறோம்.

தமிழ்வழி மாணவரைப் பற்றியும் பேசவேண்டும். மொழியின் சிறப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் தடை என்று பலரும் எண்ணுகிறார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் அந்தத் தடையை நீக்கிக் காட்டிய மொழி. தமிழில் நிரல் எழுதமுடியும் என்பதை ஒரு குழந்தை கண்ணால் காண்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பைத்தானின் சிறப்புச் சொற்கள் மொத்தமே முப்பத்தைந்துதான். ஒரு மாதத்தில் பழகிவிடும். உண்மையில் பிள்ளையை விரட்டுவது எர்ரர் செய்தி. "எக்ஸ்பெக்டட் அன் இன்டென்டெட் பிளாக்" என்று சிவப்பில் வந்ததும் படிக்காமலே மூடிவிட்டு ஆசிரியரைக் கூப்பிடுகிறார்கள். அடிக்கடி வரும் பத்து எர்ரர்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதி லேப் சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்று: பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மதிப்பெண், மொத்தம், சராசரி என்று பெயர் வைத்து எழுதிய புரோகிராம் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும். தேர்வில் ஆங்கிலப் பெயரே எழுதட்டும். கற்கும் வாரங்களில் இது ஒரு சுமையைக் குறைக்கிறது, எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்பதையும் பளிச்சென்று காட்டிவிடுகிறது.

பாடத்திட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டியதில்லை. 12-ஆம் வகுப்பில் பைத்தானைத் தொடங்கும்போது முதல் பாடத்துக்குள் நேரே போகாதீர்கள். சென்ற ஆண்டு மாணவரே சி++-இல் எழுதிய நான்கைந்து புரோகிராம்களை எடுத்து அவர்களையே பைத்தானில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். வகுத்தல், லூப், பெயர்–பெட்டி ஆகிய மூன்று இடங்களிலும் நிறுத்தி, விடை என்ன வரும் என்று முன்கூட்டியே தாளில் எழுதவைத்து, பிறகு ரன் செய்யச் சொல்லுங்கள். ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் தளம் சி++, பைத்தான் இரண்டையும் ஒவ்வொரு வரியாக ஓட்டிக்காட்டும். பெயரிலிருந்து லிஸ்டுக்குப் போகும் அம்புக்குறியை மாணவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இணையம் இல்லாத லேப்களுக்கு எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவிவிட்டால் வலையிணைப்பே வேண்டாம்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் டிரை ரன் இருக்கிறது. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று பென்சிலால் எழுதும் பழைய பழக்கத்தை நாம் கைவிட்டிருக்கவே கூடாது. கணினிக்குள் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நாம் சொல்லாததையும் அது புரிந்துகொள்ளும் என்று தொடக்கநிலையாளர்கள் எண்ணுவதை 1986-லேயே ராய் பீ எழுதிக் காட்டினார். அது எந்த மொழியிலும் வரும் பிழை என்பதுதான் அவர் கட்டுரையின் சாரம். இன்று கேட்டதும் முழுப் புரோகிராமை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிள்ளைகளின் கைப்பேசியில் இருக்கின்றன. வந்து விழும் அந்தப் புரோகிராம் ஏன் ஓடுகிறது, எங்கே தவறுகிறது என்று வரிவரியாகப் படிக்கத் தெரியாத மாணவருக்கு அந்தச் செயலிகளால் உதவி இல்லை, சார்பு மட்டும்தான் வளரும். எனவே மாதாந்திரத் தேர்வில் ஒரு கேள்வியாவது, மாணவர் முன்பு பார்த்திராத பத்து வரிப் புரோகிராமைக் கொடுத்து அவுட்புட் கேட்பதாகவும், கட்டம் போட்டதற்கும் மதிப்பெண் தருவதாகவும் இருக்கட்டும்.

சி++-இலிருந்து பைத்தானுக்கு மாறும் முதல் இரண்டு வாரங்களில் உங்கள் வகுப்பில் எந்தெந்த இடத்தில் பிள்ளைகள் இடறினார்கள், என்ன விடையை எதிர்பார்த்தார்கள், என்ன வந்தது என்பதைக் குறித்துவைத்து எங்களுக்கு அனுப்புங்கள். மாணவர் பெயர் வேண்டாம், அவர் எழுதிய வரிகள் போதும். அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம். பாடநூல் திருத்தத்துக்கு உரியவர்களிடமும் சேர்ப்போம்.