அரியணையா, அன்பா?

மூடுபனி மைதானத்தை மறைக்கும் நாள்களில், குன்னூர் மாணவியராகிய நாங்கள் கணினியில் ஆடும் காதல் கதைகளைப் பற்றி வாதிடுவதுண்டு. (பெரியோர் முகம் சுளிக்க வேண்டாம்!) 2001-இல் வந்த '12பி' திரைப்படத்தில் பஸ் கிடைத்தால் ஒரு கதை, தவறினால் வேறு கதை. இவ்விளையாட்டுகளிலோ வழியைத் தேர்பவர் ஆடுபவரே.

பெண்களுக்கென இவ்வகையில் முதலில் வந்தது, ஜப்பானில் கோயி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 'ஆஞ்சலிக்'. ஆக்கியதும் பெண்கள் குழுவே. அதில் 17 வயது நாயகி அரசியாகப் போட்டியிடுகிறாள். ஒன்பது காப்பாளர்களில் ஒருவரின் காதலை ஏற்றாலோ, அரியணையைக் கைவிட வேண்டும்! அதே ஆண்டு கொனாமி வெளியிட்ட 'டோக்கிமேக்கி மெமோரியல்' ஆட்டத்தில் மாணவனுக்கு இத்தகைய நிபந்தனை இல்லை. நன்றாகப் படித்தால் காதலும் கைகூடுகிறது.

இது என்ன நியாயம், தோழியரே? பெண்களே ஆக்கிய கதையிலுமா இப்படி? நாங்கள் அரியணையையே தேர்வோம். அடுத்த ஆட்டத்தில் இரண்டையும் கேட்போம்.