ஓட்டில்லாத தொண்டர்கள்

2022 அக்டோபரில் கம்மாபுரத்து டீக்கடை ஒன்றில் கேட்ட வாக்குவாதத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. ஒருவர் நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர். மற்றவர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்குப் போகிறவர். இருவரும் காங்கிரஸ்காரர்கள்.

"கார்கேதான் அண்ணே! குல்பர்கா ஆலைத் தொழிலாளிக்காக நின்ன வக்கீல்" என்றார் சுரங்கத் தொழிலாளி.

"அதெல்லாம் சரிதான் தம்பி. இளைஞன் நம்ம பக்கம் திரும்ப வேணாமா? சசி தரூர் திருவனந்தபுரத்துல மூணு தடவை ஜெயிச்சவரு" என்றார் மற்றவர்.

பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாற்றுக் கட்சிக்காரர் தலையைத் தூக்கினார். "ஏன்யா, உங்க ரெண்டு பேருல யாருக்கு ஓட்டு இருக்கு?"

இருவரும் வாயடைத்துப் போனார்கள். நமக்கும் பதில் வரவில்லை.

அக்டோபர் 17ல் ஓட்டெடுப்பு நடந்தது. 19ல் முடிவு வந்தது. திரு. கார்கேவுக்கு 7,897, திரு. தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஆக, நாடு முழுவதற்கும் ஓட்டுப் போட்டவர்கள் 9,385 பேர். வட்டாரத்துக்கு ஒருவர் மாகாணக் கமிட்டிக்குப் போகிறார். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கே. அந்த ஒருவரையும் ரகசிய ஓட்டால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. நடப்பில் பல இடங்களில் கோஷ்டித் தலைவர்கள் கூடிப் பேசி முடித்த பெயரே விதியாகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுங்கள் என்று அன்று கேட்டவர்களில் நமது சிவகங்கை எம்.பி. திரு. கார்த்தி சிதம்பரமும் ஒருவர். கேட்டதில் என்ன குற்றம்?

மற்றவர்கள் யோக்கியதை என்ன என்று நம் தொண்டர்கள் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாரதிய ஜனதாவில் தலைவர் பதவிக்குப் போட்டி வந்து ஓட்டு எண்ணியதே கிடையாது. அ.தி.மு.க.விலோ பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று விதி. 2023 மார்ச்சில் திரு. பழனிசாமி போட்டியின்றி வந்தார், உறுப்பினர் கைக்கு ஓட்டுச் சீட்டு எட்டவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதால் நம் வீட்டில் மழை நின்றுவிடுமா?

போட்டி வந்தால் ஸ்தாபனம் உடையும் என்று பயமுறுத்துகிறார்கள். 1939ல் சுபாஷ் போஸ் 1,580 ஓட்டும் பட்டாபி சீதாராமய்யா 1,377 ஓட்டும் பெற்றார்கள். ஜெயித்த போஸ் சில மாதங்களிலேயே ராஜினாமா செய்ய நேர்ந்தது. அது உண்மை. ஆனால் அங்கே கேடு விளைந்தது ஓட்டெடுப்பாலா, அதன் முடிவை ஏற்க மனமில்லாமையாலா?

1954ஐப் பாருங்கள். சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டார்கள். 93க்கு 41 என்று காமராஜர் ஜெயித்தார். எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரி சபையிலேயே சேர்த்துக்கொண்டார்! அமெரிக்காவில் கட்சி அபேட்சகரைச் சாதாரண வாக்காளர்களே உள்கட்சித் தேர்தலில் பொறுக்குகிறார்கள். 2008ல் அங்கே ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மாதக் கணக்கில் மோதினார்கள். ஜெயித்த ஒபாமா அந்த அம்மையாரையே வெளிவிவகார மந்திரியாக்கினார். நம் விருதுநகர்க்காரர் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிய காரியம். திரு. கார்கேயும் 2023 ஆகஸ்டில் திரு. தரூரைக் காரியக் கமிட்டியில் சேர்த்தார். அதை நாம் பாராட்டுகிறோம்.

நெய்வேலியில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதைத் தொழிலாளிகள் ரகசிய ஓட்டில் தீர்மானிக்கிறார்கள். சங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்குக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா? கொடி பிடிக்கவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டுமா அவன்?

உறுப்பினருக்கு நேரடி ஓட்டு வேண்டும் என்பது நமது கோரிக்கை. அது வரும்வரை, கம்மாபுரம் வட்டாரத்தின் சார்பில் ஓட்டுப் போடப்போகிறவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எழுதிக் கடைவீதியில் ஒட்டட்டும். அடுத்த தலைவர் தேர்தலுக்கு முன்பே ஒட்டட்டும். அந்த டீக்கடைச் சுவரில் இடம் இருக்கிறது.