போதிதர்மரை விடுங்கள், நம்ம ஊர் சிலம்ப வாத்தியாரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்த வாரமும் அந்தச் செய்தி நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தாராம். அதுதான் குங்ஃபூ ஆனதாம். உலகத்துத் தற்காப்புக் கலைகளுக்கெல்லாம் தாய் நம் சிலம்பமாம். கடைசி வரி வழக்கம்போல, "தமிழனாக இருந்தால் பகிரவும்." நான் தமிழன்தான். பகிர மாட்டேன்.

2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்தக் கதை வேதவாக்காகிவிட்டது. போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்வது உண்மை. 547ஐ ஒட்டி எழுதப்பட்ட இன்னொரு குறிப்பு அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இரண்டுமே அவரைத் துறவியாகத்தான் பார்க்கின்றன, சண்டை வாத்தியாராக அல்ல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் ஷாவோலின் மடத்தின் கம்பு வித்தைக்கென்றே ஒரு நூல் எழுதினார். கவனியுங்கள், கம்பு வித்தைக்கு! அதை அந்த மடத்தார் ஒரு கின்னர தெய்வம் கொடுத்ததாகச் சொன்னார்கள். போதிதர்மர் கொடுத்ததாகச் சொல்லவில்லை. அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப்போட்டது 1624ஐ ஒட்டி வந்த 'யிஜின் ஜிங்' என்ற நூல். அதன் முன்னுரை போலி என்று டாங் ஹாவோ என்ற சீன ஆய்வாளர் 1930களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். போதிதர்மர் காலத்துக்கும் இந்தக் கதைக்கும் நடுவில் ஏறக்குறைய ஆயிரம் வருடம் இருக்கிறது.

"கதையாகவே இருக்கட்டும் சார், அதைக் கேட்டாவது நாலு பிள்ளைகள் கம்பைக் கையில் எடுப்பார்கள் அல்லவா?" என்று என்னிடம் படித்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். எடுக்கிறார்கள். எடுத்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒருவர், மகளுடைய 'உலக சாதனைச் சான்றிதழை' என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி இரண்டு மணி நேரம் விடாமல் கம்பு சுற்ற வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மெடல், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. பானை மேல் நின்று சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதனை. "சார், இதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா?" என்று அவர் கேட்டார். கிடைக்காது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டியில் வென்ற சான்றிதழ் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சாதனைப் புத்தகத்தின் காகிதம் அங்கே செல்லாது. வாங்கும்போது இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் சுற்றிய அந்தப் பெண்ணிடம், "எதிரே ஒருவர் தலைக்கு வீசினால் எந்தக் காலைப் பின்னால் வைப்பாய்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் தப்பில்லை. சிலம்பத்தில் முதலில் வருவது காலடி. அப்புறம்தான் வீச்சு, தட்டு, பூட்டு எல்லாம். காலடி சரியாக விழவே மாதக்கணக்காகும், அதில் போட்டோவுக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே அதைத் தள்ளிவிட்டு அலங்காரச் சுற்றை மட்டும் விற்கிறார்கள். 'உலகின் தாய்க் கலை' என்ற பொய்ப் பெருமைதான் இந்த வியாபாரத்துக்கு விளம்பரம். அதனால்தான் அந்தச் செய்தியைப் பகிர மாட்டேன் என்கிறேன்.

ஜப்பானைப் பாருங்கள். 1882இல் ஜூடோவுக்குக் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய கனோ ஜிகோரோ, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் டோக்கியோ உயர்நிலைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். ஓகினாவா தீவில் கராத்தேயை 1901 வாக்கில் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இடோசு. அதை 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டி, அதே வருடம் புத்தகமும் போட்ட ஃபுனாகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்தார்கள். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார்கள். எழுதினார்கள். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடமும் அதேதான். அப்படித்தான் ஜூடோ 1964இல் ஒலிம்பிக்குக்குப் போனது. கராத்தே நம் குடியாத்தத்துத் தெருவுக்கே வந்து சேர்ந்தது.

நம் நிலை என்ன? 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில்தான் நடந்தது. கேரளத்தின் களரிக்குப் பதக்கம் உண்டு, பஞ்சாபின் கட்காவுக்குப் பதக்கம் உண்டு, மணிப்பூரின் தாங்-டாவுக்கும் உண்டு. நம் சொந்த வீட்டில் சிலம்பம் செய்துகாட்டும் விளையாட்டாக நின்றது. அன்றைக்கு எத்தனை பேர் குரல் கொடுத்தீர்கள்? போதிதர்மருக்குக் கம்பு சுத்தியவர்கள் சிலம்பத்துக்குச் சுத்தவில்லையே!

நம் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் கம்பு சுற்றும் பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மறுநாள் தறிக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். பழைய வாத்தியார்கள் தாங்கள் கற்ற காலடி வரிசைகளை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் இறந்தால் அவரோடு நாலு வரிசை போய்விடுகிறது.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி என்று ஒரு திட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் கராத்தேதான். கராத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளூரில் தகுதியான சிலம்ப வாத்தியார் இருந்தால் அவரையும் அழையுங்கள், ஊதியம் கொடுத்து.

இரண்டு, முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது. பெற்றோர்களே, சாதனைச் சான்றிதழுக்குக் கொடுக்கும் காசை அந்தப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வதில் போடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், "இந்தச் சான்றிதழ் எந்த அரசு ஒதுக்கீட்டில் செல்லும்? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே காணாமல் போவார்கள்.

மூன்று, இது என் பழைய மாணவர்களுக்கு. எல்லார் கையிலும் நல்ல போன் இருக்கிறது. உங்கள் தெருவில், பேரணாம்பட்டில், பள்ளிகொண்டாவில் வயதான சிலம்ப வாத்தியார் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். அவர் காலை மட்டும் படம் பிடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். எழுதியதை என்னிடம் கொண்டுவாருங்கள், எழுத்துப்பிழை திருத்தி வரிசைப்படுத்தித் தருகிறேன். அந்த வேலைக்கு நான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம். கூடவே உங்களுக்குத் தெரிந்த ஒரு சிலம்ப வாத்தியாரின் ஊரையும் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.